வரியும் மனச்சான்றும்

வரி என்ற சொல்லைக் கேட்டதும் முகம் மலர்பவர் உலகில் எவருமிலர். உழைத்து ஈட்டிய பொருளில் ஒரு பகுதியைப் பிறர் கேட்கும்போது, கேட்பவர் அரசே ஆயினும், கை சற்றே பின்வாங்குவது மனித இயல்பு. ஆகவே, வரியைக் குறைத்துக்கொள்ள விரும்புவது குற்றமன்று. எவ்வழியில் குறைத்துக்கொள்கிறோம் என்பதில்தான் நேர்மையும் நேர்மைக்கேடும் பிரிகின்றன. சட்டமே திறந்துவைத்திருக்கும் வழியில் நடந்து வரிச்சுமையைக் குறைத்துக்கொள்வதை வரித் தவிர்ப்பு என்பர். உண்மையை மறைத்தோ பொய்யைப் புனைந்தோ குறைத்துக்கொள்வதை வரி ஏய்ப்பு என்பர். ஏட்டில் படிக்கும்போது எளிதாகத் தோன்றும் இவ்வேறுபாட்டை வாழ்க்கையில் கற்றுக்கொள்ள எங்களுக்குப் பதின்மூன்று ஆண்டுகள் பிடித்தன. அந்த அனுபவத்தைப் பங்குக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்வது பயன் தரும் என்று எண்ணியே இதனை எழுதுகிறோம். இதில் எங்களுக்குப் பெருமை தருவது மிகக் குறைவு என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

முதல் வீடு

எங்களில் ஒருவர் பள்ளி ஆசிரியர். மற்றவர் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கர். இருவரும் மாதச் சம்பளக்காரர்கள். சம்பளம் கைக்கு வருமுன்பே அதற்குரிய வரி பிடித்தம் செய்யப்பட்டுவிடும். எனவே, வரி ஏய்ப்பு என்பது செல்வந்தர்களும் பெருவணிகர்களும் செய்யும் காரியம், நமக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று உறுதியாக நம்பியிருந்தோம்.

2006-ஆம் ஆண்டு ஒரு சிறிய வீட்டை விலை பேசினோம். விலை 6 இலட்சம் ரூபாய். அந்தப் பகுதிக்கு அரசு குறித்திருந்த வழிகாட்டி மதிப்பின்படி கணக்கிட்டால் 3 இலட்சம் வந்தது. "பத்திரத்தில் மூன்று எழுதிக்கொள்வோம், மீதி மூன்றை ரொக்கமாகக் கொடுத்துவிடுங்கள்" என்றார் விற்பவர். தரகர் தலையசைத்தார். "எல்லாரும் இப்படித்தான் சார் செய்கிறார்கள். உங்களுக்கும் முத்திரைச் செலவு மிச்சம்" என்றார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மறுக்கவில்லை. மறுக்கலாம் என்பதுகூட அன்று எங்களுக்குத் தோன்றவில்லை.

பிறகுதான் இடர் தொடங்கியது. வங்கி எங்கள் கனவு வீட்டின் உண்மை விலையைப் பார்த்துக் கடன் தரவில்லை. பத்திரத்தில் எழுதப்படவிருந்த விலையைப் பார்த்தே கடன் தந்தது. ரொக்கமாகக் கொடுக்கவேண்டிய 3 இலட்சத்தை நாங்களே திரட்டவேண்டியிருந்தது. சேமநல நிதியிலிருந்து முன்பணம் பெற்றோம். சீட்டு எடுத்தோம். திருமண நகைகளில் பெரும்பகுதி அடகுக் கடைக்குச் சென்றது. அவற்றை முழுவதும் மீட்க நான்காண்டுகள் ஆயின.

பதிவு நாளன்று, சார்பதிவாளர் அலுவலகத்திற்கு அருகிலிருந்த ஒரு வீட்டின் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பணத்தை எண்ணிக் கொடுத்தோம். அதன் பின்னர், அலுவலகத்தில், விலை 3 இலட்சம் என்று எழுதியிருந்த கிரயப் பத்திரத்தில் கையொப்பமிட்டு விரல்ரேகை பதித்தோம். அந்தப் பணம் முழுவதும் வியர்வை சிந்தி ஈட்டியது, வரி செலுத்தப்பட்டது. எங்கள் கையில் இருந்தவரை அது வெள்ளைப் பணம். அறைக்குள் கைமாறிய அந்தச் சில நிமிடங்களில் அது கறுப்புப் பணமாயிற்று. அதைக் கறுப்பாக்கியவர்கள் நாங்களே. இந்த எளிய உண்மை அன்று எங்களுக்கு உறைக்கவில்லை. சொந்த வீடு கிடைத்த மகிழ்ச்சியில் வீட்டை மந்திரித்து, உறவினருக்கு விருந்து வைத்து, இறைவனுக்கு நன்றி கூறினோம்.

மகள் கேட்ட கேள்வி

2019-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், முதுமையுற்ற தாயாரின் அருகில் வாழவேண்டிய தேவை ஏற்பட்டது. வீட்டை விற்றுவிட்டுத் திருச்சியின் புறநகரில் வேறொரு வீடு வாங்கத் தீர்மானித்தோம். ஏப்ரல் மாதத்தில் ஒருவர் வந்தார். 30 இலட்சத்திற்கு விலை முடிந்தது. "பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பான 18 இலட்சம், மீதி 12 இலட்சம் ரொக்கம்" என்றார். பழைய பாட்டு; பாடுபவர் மட்டும் வேறு. இம்முறை நாங்கள் வாங்குபவர்கள் அல்லர், விற்பவர்கள். எனவே, முத்திரைச் செலவோடு மட்டும் காரியம் நிற்கவில்லை. விற்பதால் வரும் ஆதாயத்திற்கு வருமான வரியும் உண்டு. "பத்திரத்தில் விலை குறைந்தால் உங்களுக்கும் வரி குறையும்" என்று இந்தத் தரகரும் எங்கள் நன்மையையே எடுத்துக் கூறினார்.

அன்றிரவு உணவு வேளையில் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். எங்கள் மகள் அப்போது வணிகவியல் முதலாண்டு படித்துவந்தாள். அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தவள், "அப்பா, வரித் தவிர்ப்பு வேறு, வரி ஏய்ப்பு வேறு என்று எங்கள் வகுப்பில் நடத்தினார்கள். 2006-இல் நாம் இந்த வீட்டை வாங்கியபோது செய்தது எது?" என்றாள். அவள் குறை கூறும் எண்ணத்தோடு கேட்கவில்லை. பாடத்திற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தேடினாள். எங்களால் மறுமொழி சொல்ல முடியவில்லை. சிறு வயதில் கடையில் அதிகமாகக் கொடுத்துவிட்ட சில்லறையைத் திருப்பிக் கொடுத்துவர அவளை நடுவழியிலிருந்து அனுப்பியவர்கள் நாங்கள்தாம். அவள் உறங்கிய வீட்டின் பத்திரத்திலேயே ஒரு பொய் இருந்ததை அவளுக்கு எவ்வாறு சொல்வது?

சித்தப்பாவின் பாடம்

மறுவாரம் சித்தப்பாவைக் காணச் சென்றோம். அவர் வருமான வரி அலுவலகமொன்றில் பல்லாண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவர். தரகர் கூறியதையும் மகள் கேட்டதையும் சொன்னோம். அவர் சிரித்தார்.

"தம்பி, நீங்கள் ஒரு பெரிய பூட்டை உடைக்கப் போகிறீர்கள். அந்தக் கதவோ ஏற்கெனவே திறந்துதான் கிடக்கிறது" என்றார். பிறகு ஒரு தாளை எடுத்துக் கணக்கிட்டுக் காட்டினார்.

அன்று நடைமுறையிலிருந்த 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டப்படி, நெடுநாள் வைத்திருந்த வீட்டை விற்கும்போது, வாங்கிய விலையை விலைவாசிக் குறியீட்டெண்ணால் உயர்த்திக் கணக்கிடலாம். 2006-07-க்கு அந்த எண் 122, 2019-20-க்கு 289. 3 இலட்சத்திற்கு வாங்கிய வீட்டின் விலை இவ்வாறு 7,10,655 ரூபாயாக உயரும். 30 இலட்சத்திற்கு விற்றால் ஏறத்தாழ 22 இலட்சத்து 89 ஆயிரம் ஆதாயம். அதற்கு 20 விழுக்காடு வரியும் அதன்மேல் கூடுதல் வரியும் உண்டு. "ஆனால்" என்று விரலை உயர்த்தினார் சித்தப்பா. "அந்த ஆதாயத்தைக் கொண்டு இரண்டாண்டுகளுக்குள் வேறொரு குடியிருப்பு வீடு வாங்கினால், அல்லது மூன்றாண்டுகளுக்குள் கட்டினால், 54-ஆம் பிரிவின்படி அந்த அளவிற்கு வரியே இல்லை. நீங்கள் வீடு வாங்கத்தானே விற்கிறீர்கள்? 30 இலட்சத்தையும் பத்திரத்தில் எழுதினாலும் உங்கள் வருமான வரி சுழியம்தான்."

நாங்கள் திகைத்துப் போனோம். எதைப் பெறுவதற்குப் பொய் சொல்லத் துணிந்தோமோ, அதைச் சட்டமே எங்களுக்கு வழங்கியிருந்தது! இச்சலுகை எவரும் ஏமாந்து விட்டுவைத்த ஓட்டையன்று. ஒரு வீட்டை விற்று மற்றொரு வீட்டிற்குக் குடிபெயரும் குடும்பத்தின் மீது சுமை ஏற்றக்கூடாது என்று எண்ணியே பாராளுமன்றம் வகுத்த ஏற்பாடு அது. அவ்வாறே, பழைய வரிமுறையில் ஆயுள் காப்பீடு, சேமநல நிதி, பிள்ளைகளின் கல்விக் கட்டணம் ஆகியவற்றிற்கு 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 80-சி பிரிவின்கீழ் 1,50,000 ரூபாய் வரை கழிவு இருந்தது என்பதும், மக்கள் சேமிக்கவேண்டும், பிள்ளைகள் படிக்கவேண்டும் என்ற விருப்பத்தால் வைத்ததே. இவற்றைப் பயன்படுத்துகிறவர் அரசை ஏமாற்றவில்லை. அரசு விரும்பியதையே செய்கிறார்.

"சித்தப்பா, அப்படியானால் 2006-இல் நாங்கள் உண்மையில் கொடுத்த 6 இலட்சத்தையே வாங்கிய விலையாகக் காட்டலாமா?" என்று கேட்டோம்.

"பத்திரத்தில் நீங்களே 3 என்று எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறீர்களே! இப்போது 6 என்று சொன்னால் அன்று சொன்னது பொய் என்றாகும். அன்று சொன்னது மெய் என்றால் இப்போது சொல்வது பொய். நல்லவேளை, வேறு வீடு வாங்குகிறீர்கள். வாங்காவிட்டால், அன்று மறைத்த 3 இலட்சத்திற்காக இன்று மட்டும் ஏறக்குறைய 1 இலட்சத்து 42 ஆயிரம் கூடுதலாக வரி கட்டவேண்டியிருக்கும்" என்றார்.

மேலும் ஒன்றை அவர் விளக்கினார். 2015 ஜூன் முதல், அசையாச் சொத்து விற்பனைக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவது தடைசெய்யப்பட்டிருந்தது. மீறிப் பெற்றால், பெற்ற தொகை எவ்வளவோ அவ்வளவும் தண்டமாக விதிக்கப்படலாம். 12 இலட்சம் பெற்றால் 12 இலட்சம் தண்டம்! "ஆனால் தம்பி, தண்டத்திற்கு அஞ்சி நேர்மையாக இருப்பவன், பிடிபடமாட்டோம் என்ற நாளில் நேர்மையை விட்டுவிடுவான். இன்னோர் உரைகல் சொல்கிறேன். தவிர்ப்பவன் நடந்ததை நடந்தபடியே எழுதிவிட்டு, 'சட்டப்படி எனக்கு இவ்வளவுதான் வரி' என்று அதிகாரியின் முன் நிமிர்ந்து நிற்பான். ஏய்ப்பவன் நடக்காததை நடந்ததாக எழுதுவான். அல்லது நடந்ததை எழுதாமல் விடுவான். அவனுக்கு எப்போதும் இரண்டு கணக்குகள் வேண்டும். ஒன்று காட்டுவதற்கு, மற்றொன்று மறைப்பதற்கு. உங்களிடம் எத்தனை கணக்கு இருக்கிறது என்று பாருங்கள்" என்றார்.

இடையிலுள்ள சதுப்பு நிலம்

எல்லாமே இவ்வளவு தெளிவாக இருந்துவிடுவதில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. 1930-களில் இங்கிலாந்தில் வெஸ்ட்மின்ஸ்டர் கோமகன் ஒருவர் இருந்தார். தோட்டக்காரர் போன்ற தம் பணியாளர்களுக்குக் கூலி கொடுத்தால் அதனைத் தம் வருமானத்திலிருந்து கழிக்க முடியாது. ஒப்பந்தப் பத்திரம் எழுதித் தொகை வழங்குவதாகச் செய்தால் கழிக்கலாம். அவர் அவ்வாறே பத்திரங்கள் எழுதினார். வழக்குப் பிரபுக்கள் அவை வரை சென்றது. கோமகனே வென்றார். சட்டத்திற்கு உட்பட்டுத் தம் வரியைக் குறைத்துக்கொள்ளும்படி தம் காரியங்களை அமைத்துக்கொள்ள எவருக்கும் உரிமை உண்டு என்ற கொள்கை அவ்வழக்கினால் புகழ்பெற்றது.

நம் நாட்டில், 1985-ஆம் ஆண்டு மெக்டவல் நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் வேறு குரலில் பேசியது. சட்டத்தின் எல்லைக்குள் வரியைத் திட்டமிடலாம். ஆனால் வரியிலிருந்து நழுவுவதற்கென்றே புனையப்படும் போலி ஏற்பாடுகள் திட்டமிடல் ஆகா என்று கூறியது. 2003-இல் மொரிஷியஸ் நாட்டு வழியாக வரும் முதலீடுகள் பற்றிய வழக்கில், பழைய வெஸ்ட்மின்ஸ்டர் கொள்கை இந்தியாவில் இன்னும் உயிரோடிருக்கிறது என்று அதே நீதிமன்றம் கூறியது. பின்னர், வரி ஆதாயம் ஒன்றையே முதன்மை நோக்கமாகக் கொண்டு, வணிகப் பொருளேதுமின்றிச் செய்யப்படும் ஏற்பாடுகளை ஒதுக்கிவிடும் பொது விதி 2017 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. 3 கோடி ரூபாய்க்கு மேல் வரி ஆதாயம் பெறும் பெரிய ஏற்பாடுகளுக்கே அது பொருந்தும். நம்மைப் போன்ற குடும்பங்களை அது தீண்டாது. ஆயினும் அதனுள் இருக்கும் பாடம் நமக்கும் உரியதே. வடிவத்தில் மட்டும் சட்டம் இருந்தால் போதாது. உள்ளே மெய்யும் இருக்கவேண்டும்.

இந்தப் பாடத்தை நம் அன்றாட வாழ்விற்குக் கொண்டுவந்து பார்ப்போம். தம் தாயாரின் வீட்டில் குடியிருக்கும் மகன், தாயாருக்கு மாதந்தோறும் மெய்யாகவே வாடகை கொடுத்து, தாயாரும் அதனைத் தம் வருமானமாகக் காட்டினால், வீட்டு வாடகைப்படிக்குச் சட்டம் தரும் சலுகையை அவர் பெறலாம். அது தவிர்ப்பு. ஒரு காசும் கொடாமல், ஆண்டிறுதியில் தாயாரிடம் பன்னிரண்டு இரசீதுகளில் கையொப்பம் மட்டும் வாங்கிக்கொண்டால் அது ஏய்ப்பு. இரண்டிலும் தாள் ஒன்றே, கையொப்பம் ஒன்றே, தாயும் ஒருவரே. வேறுபாடு, பணம் கைமாறியதா இல்லையா என்பது மட்டுமே. அந்த இரசீதுகளில் முதிய தாயைப் பொய்ச்சாட்சி ஆக்குகிறோம் என்பதை நாம் நினைப்பதில்லை.

அறக்கொடைகளும் அவ்வாறே. அனுமதி பெற்ற அறநிலையத்திற்கு நன்கொடை கொடுத்து அதற்குரிய வரிக் கழிவைக் கேட்பது முறையானது. ஐந்நூறு கொடுத்துவிட்டு ஐயாயிரத்திற்கு இரசீது கேட்பது களவு. அறத்தின் பெயரால் செய்யப்படுவதால் அது இன்னும் இழிந்த களவு. ஒருமுறை ஒரு நிறுவனத்தார் எங்களிடமே அவ்வாறு இரசீது தர முன்வந்தனர். வேண்டாம் என்றோம். ஆனால் அதே ஆண்டில் ஒரு கடையில், "பில் போட்டால் வரி சேரும், பில் இல்லாமல் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றபோது மகிழ்ச்சியோடு தலையசைத்தோம். கொடையில் மறுத்தது கடையில் இனித்தது. நம் நேர்மை பல வேளைகளில் இவ்வாறு இடத்திற்கு இடம் மாறுகிறது.

மனச்சான்றின் முன்

பாவசங்கீர்த்தனத்திற்கு நாங்கள் தவறாமல் செல்பவர்கள். கோபம், புறங்கூறல், செபத்தில் அசட்டை என்று எத்தனையோ சொல்லியிருக்கிறோம். 2006-ஆம் ஆண்டுப் பத்திரத்தை ஒருநாளும் சொன்னதில்லை. மறைத்தோம் என்பதன்று, அது பாவம் என்றே தோன்றவில்லை. அரசை ஏமாற்றுவது அண்டை வீட்டாரை ஏமாற்றுவது போலன்று என்ற எண்ணம் நம் உள்ளத்தில் ஆழ வேரூன்றியிருக்கிறது. அரசுக்கு முகமில்லை அல்லவா?

திருச்சபை அவ்வாறு கருதவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட, இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏட்டில், நியாயமான வரிகளைச் சூழ்ச்சியால் ஏய்ப்பது வெளிப்படையாகக் கண்டிக்கப்பட்டிருக்கிறது. 1992-இல் வெளிவந்த மறைக்கல்வி ஏடு, களவு செய்யாதிருப்பாயாக என்னும் கட்டளையை விளக்கும் பகுதியில் வரி ஏய்ப்பையும் சேர்த்துச் சொல்கிறது. நியாயமான வரிகள் என்ற சொல் இங்குக் கருதத்தக்கது. வரி அளவுக்கு மீறியது என்றோ, வீணாகச் செலவிடப்படுகிறது என்றோ தோன்றினால் எழுதலாம், பேசலாம், வாக்களிக்கலாம், வழக்குத் தொடுக்கலாம். இவை யாவும் பகலில் செய்யக்கூடியவை. கதவைச் சாத்திக்கொண்டு செய்வது அந்த வரிசையில் சேராது.

அரசுக்கு முகமில்லை என்பதும் பிழையே. எங்கள் மகள் பிறந்தது அரசு மருத்துவமனையில். அவளுக்குத் தடுப்பூசி போட்டவர் அரசுச் செவிலியர். தாயார் வழுக்கி விழுந்த இரவில் பத்து நிமிடங்களில் வாசலுக்கு வந்து நின்றது 108 ஊர்தி. இவையெல்லாம் வரியின் முகங்கள்.

கொடுத்த விலை

வாங்க வந்தவரிடம், முழு விலையையும் பத்திரத்தில் எழுதுவதாயின் விற்கிறோம் என்றோம். அவர் எங்களை வியப்போடு பார்த்தார். ஏதோ சூது இருக்கிறது என்று ஐயுற்றாரோ, அறியோம். மறுவாரம் வரவேயில்லை. தரகரும் வருவதை நிறுத்திக்கொண்டார். ஐந்து மாதங்கள் வீடு விலைபோகவில்லை. "ஊரோடு ஒத்துப் போகத் தெரியாதவர்கள்" என்று உறவினர் சிலர் எங்கள் காதுபடவே பேசினர். எங்களுக்குள்ளும் சச்சரவு எழாமலில்லை. புது வீட்டிற்குக் கொடுத்திருந்த முன்பணத்தின் கெடு நெருங்கிய நாள்களில், "இந்த ஒருமுறை மட்டும்" என்று எங்களில் ஒருவர் சொல்ல, மற்றவர் மறுமொழி கூறாமல் எழுந்து போன இரவும் உண்டு.

செப்டம்பரில் ஓர் இளந்தம்பதியர் வந்தனர். இருவரும் சம்பளக்காரர்கள். வங்கிக் கடனையே நம்பியிருந்தனர். "முழு விலையையும் பத்திரத்தில் எழுத ஒப்புக்கொள்வீர்களா? இதுவரை பார்த்த வீடுகளுக்கெல்லாம் பாதி ரொக்கம் கேட்டார்கள். எங்களிடம் அவ்வளவு ரொக்கம் ஏது?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார் அந்தப் பெண். 2006-இல் நகைகளைத் தாளில் பொதிந்துகொண்டு அடகுக் கடைக்கு நடந்த எங்களையே அவர்களில் கண்டோம். கணக்கில் வராப் பணம் கேட்கப்படும் ஒவ்வொரு வீட்டின் வாசலும், கணக்கில் வரும் பணம் மட்டுமே உள்ளவர்களுக்கு அடைக்கப்படுகிறது. ஏய்ப்பினால் இழப்பது அரசு மட்டுமே என்று எண்ணியிருந்தோம். எங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் நேர்மையான குடும்பங்களும் இழக்கின்றன என்பது அன்றுதான் விளங்கிற்று.

அவர்களால் 28 இலட்சமே தர முடிந்தது. அக்டோபரில் அந்த விலைக்கே பதிவு செய்துகொடுத்தோம். பத்திரத்தில் 28, காசோலையிலும் வங்கி வரைவோலையிலும் 28. எந்த அறையின் கதவையும் சாத்தவேண்டியிருக்கவில்லை.

2020 ஜனவரியில் திருச்சி வீட்டை 26 இலட்சத்திற்கு வாங்கினோம். விற்ற பெரியவரும் முதலில் ரொக்கம் கேட்டவர்தாம். நாங்கள் மறுத்தபின் ஒப்புக்கொண்டார். அப்போது தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 4 விழுக்காடு. அவ்வீட்டின் வழிகாட்டி மதிப்பு 16 இலட்சம். அதனையே எழுதியிருந்தால் 1,76,000 ரூபாயோடு முடிந்திருக்கும். உண்மை விலையை எழுதியதால் 2,86,000 ஆயிற்று. கூடுதலாக 1,10,000. எளிய குடும்பத்திற்கு அது சிறு தொகையன்று. ஆனால், 1899-ஆம் ஆண்டின் இந்திய முத்திரைச் சட்டம், விலையை முழுமையாகவும் உண்மையாகவும் பத்திரத்தில் குறிக்கவேண்டும் என்று சொல்கிறது. வழிகாட்டி மதிப்பு என்பது அதற்குக் கீழே எழுதினால் கேள்வி எழும் என்ற அளவுகோலேயன்றி, அதற்கு மேல் கொடுத்ததை மறைக்கலாம் என்ற அனுமதிச் சீட்டன்று.

வருமான வரிக் கணக்கில் 28 இலட்சத்தையும் காட்டினோம். ஆதாயம் 20,89,345 ரூபாய். வேறு வீடு வாங்காதிருந்தால் ஏறத்தாழ 4 இலட்சத்து 18 ஆயிரமும் கூடுதல் வரியும் கட்டியிருக்கவேண்டும். 54-ஆம் பிரிவின்படி ஒன்றும் கட்டவில்லை. இதில் எங்களுக்குச் சிறிதும் கூச்சமில்லை. சட்டம் கொடுத்ததைப் பெற்றோம்.

ஆயினும், நேர்மை எங்களுக்கு இலாபம் தந்தது என்று எழுதினால் அது மற்றொரு பொய்யாகும். விலையில் 2 இலட்சம் குறைந்தது; பதிவில் 1,10,000 கூடிற்று; ஐந்து மாத உறக்கம் போயிற்று. கணக்குத் தாளை மட்டும் பார்த்தால், பொய் சொல்லியிருந்தால் எங்கள் கையில் 3 இலட்சத்திற்கு மேல் மிஞ்சியிருக்கும். ஆனால், அந்த 12 இலட்சம் ரொக்கத்தை நாங்கள் என்ன செய்திருப்போம்? வங்கியில் போட முடியாது. திருச்சிப் பெரியவரிடம் கதவைச் சாத்திக்கொண்டு எண்ணிக் கொடுத்திருப்போம். அவர் வேறொருவரிடம் கொடுத்திருப்பார். பொய்யான பணம் இன்னொரு பொய்யையே வாங்க வல்லது. அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியாக 2006-இல் நாங்கள் சேர்ந்தோம், 2019-இல் விலகிக்கொண்டோம். எங்களால் இயன்றது அவ்வளவே.

2006-இல் முத்திரைத் தீர்வையில் மிச்சம்பிடித்த தொகையைச் சித்தப்பாவின் உதவியோடு கணக்கிட்டு, அந்த அளவிற்கு ஓர் அரசுப் பள்ளிக்கு இருக்கைகள் வாங்கிக் கொடுத்தோம். அதற்கு இரசீதும் கேட்கவில்லை, கழிவும் கேட்கவில்லை. அது வரி ஆகாது என்பதை அறிவோம். பழைய கடன் தீர்ந்துவிட்டது என்று சொல்லவும் துணியமாட்டோம். பங்குத்தந்தையிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னோம். அவர் அதனைச் சிறிய பாவமாகக் கேட்கவில்லை.

அன்றைக்குப் பின் சட்டங்கள் பலவாறு மாறியுள்ளன. 2020-இல் வந்த புதிய வரிமுறையில் பழைய கழிவுகளுள் பெரும்பாலானவை இல்லை. 2024 ஜூலை 23 முதல் ஆதாய வரிக் கணக்கும் மாறியது, 12.5 விழுக்காடு விகிதம் வந்து, குறியீட்டெண்ணின் பயன் பெரிதும் சுருங்கியது. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்திற்கு, 2026 ஏப்ரல் முதல் நாளை நடைமுறை நாளாகக் கொண்டு, 2025-ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பட்டது. ஆகவே, எங்கள் கணக்கை அப்படியே பின்பற்றாமல், வீடு வாங்கவோ விற்கவோ எண்ணும் குடும்பத்தார் பேச்சு முடிவதற்கு முன்பே அறிந்தவர் ஒருவரிடம் ஆலோசனை கேட்பது நலம். ஆலோசனைக்குச் சில ஆயிரம் செலவாகலாம். எங்களைப் போல் அறியாமையால் பொய்யை நாடுவதைவிட அது மலிவானது. பிரிவுகளின் எண்கள் மாறும், விகிதங்கள் மாறும். நடந்ததை நடந்தபடி எழுதுவது என்ற ஒன்று மாறாது.

திருச்சி வீட்டின் பத்திரம் வந்த அன்று மகள் அதனை வாங்கிப் படித்தாள். விலை எழுதியிருந்த வரியில் விரலை வைத்து, "இது உண்மைதானே, அப்பா?" என்று கேட்டாள். ஆம் என்றோம். அந்த ஒரு சொல்லை அவளிடம் கூச்சமின்றிச் சொல்ல முடிந்தது.